பஞ்சுக்கு ஒரு நியாயம், நெஞ்சுக்கு ஒரு நியாயமா?

(ஹோட்டல்களிலும் டீக்கடைகளிலும் புகை பிடிப்பதற்குள்ள தடையைப் பற்றி, ஆலைத் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)

தோழர்களே!

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம் சிலருக்கு வேடிக்கையாக இருக்கலாம். கூலியைப் பற்றிப் பேசாமல், போனஸைப் பற்றிப் பேசாமல், பீடி சிகரெட்டைப் பற்றி என்ன பேச்சு என்று கேட்கலாம். இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பல பேருடைய மடியில் ஒரு பீடிக்கட்டு இருக்கும். அது எனக்குத் தெரியும். அதைத் தூக்கி எறியுங்கள் என்று உபதேசம் செய்ய நான் இங்கே வரவில்லை. பாடுபடுகிறவனுக்கு உபதேசம் செய்ய ஊரிலே ஏற்கெனவே ஆயிரம் பேர் இருக்கிறார்கள்.

நான் கேட்க வந்தது ஒரே ஒரு கேள்விதான். ஹோட்டலிலும் டீக்கடையிலும் புகை பிடிக்கக் கூடாது என்று சட்டம் வந்தால் அதனால் யாருக்கு நஷ்டம், யாருக்கு லாபம்? புகை பிடிக்கிறவனுக்கு நஷ்டமா? கடைக்காரருக்கு நஷ்டமா? அல்லது இந்த இரண்டு பேருடைய பெயரையும் சொல்லிக்கொண்டு வேறு யாராவது அழுகிறார்களா? இதைக் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். கூலிக் கணக்கைப் பார்ப்பது போலவே பார்க்க வேண்டும்.

மில் கேட்டில் இருக்கும் சட்டம்

ஆலைத் தோழர்களுக்குத் தடை என்பது புதிய விஷயமல்ல. நூற்பு ஆலைக்குள்ளே பீடி பற்ற வைக்க முடியுமா? முடியாது. தீப்பெட்டியை வெளியே வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். மீறினால் சீட்டுக் கிழியும். இது நம் பாட்டன் காலத்திலிருந்து இருந்து வரும் கட்டுப்பாடு. ஏன்? பஞ்சு தீப்பிடித்துக்கொள்ளும். பஞ்சு பற்றினால் மிஷின் போகும், கட்டடம் போகும், முதலாளியின் மூலதனம் போகும். ஆகவே அங்கே யாரும் "தனி மனித சுதந்திரம் என்ன ஆவது?" என்று கேட்டதில்லை. எந்த முதலாளியும், "பாவம், தொழிலாளிக்கு இருப்பது இந்த ஒரு சந்தோஷந்தானே!" என்று கண்ணீர் விட்டதில்லை.

பஞ்சைக் காப்பாற்றத் தடை போட்டபோது ஒரு முணுமுணுப்பும் எழவில்லை. மனிதனுடைய நெஞ்சைக் காப்பாற்றத் தடை போட்டபோது மட்டும் உலகமே முழுகிப் போகும் என்றார்கள். பஞ்சுக்கு ஒரு நியாயம், நெஞ்சுக்கு ஒரு நியாயமா? இதுதான் இன்றைக்கு என்னுடைய பேச்சின் சாரம்.

யாருடைய நெஞ்சு?

ஹோட்டலில் புகை என்றால் நாம் இரண்டு பேரைத்தான் நினைக்கிறோம். சிகரெட் பிடிக்கிறவர் ஒருவர். பக்கத்து மேஜையில் மூக்கைப் பொத்திக்கொள்கிறவர் ஒருவர். இவர்கள் இருவருமே அரை மணி நேரத்தில் எழுந்து போய்விடுகிறவர்கள். எழுந்து போக முடியாத மூன்றாவது ஆள் ஒருவர் அங்கே இருக்கிறார். அவரை யாரும் கவனிப்பதில்லை.

அவர்தான் சர்வர். மேஜை துடைக்கும் பையன். டீ மாஸ்டர். பாரில் பாட்டில் எடுத்துக் கொடுப்பவர். காலையிலிருந்து இரவு வரை அந்தப் புகைக்குள்ளேயே நிற்கிறார். தான் ஒரு பீடிகூடப் பிடிக்காமல், நூறு பேர் பிடித்து விட்ட புகையை இழுக்கிறார். அது அவருக்கு இஷ்டமா என்று யாரும் கேட்பதில்லை. வேலை வேண்டுமானால் அந்தப் புகையும் வேண்டும். அதுதான் நிபந்தனை.

இவர் யாருடைய பிள்ளை? விவசாயத் தோழர்களே, உங்களுடைய பிள்ளைதான். மழை பொய்த்து, வயலில் வேலை இல்லாமல், பட்டணத்து ஹோட்டலுக்கு டேபிள் துடைக்கப் போன பிள்ளை. ஆகவே "நாங்கள் வரப்பில் உட்கார்ந்து காற்றாடப் பிடிக்கிறோம், ஹோட்டல் சட்டத்தைப் பற்றி எங்களுக்கென்ன?" என்று நீங்கள் சொல்ல முடியாது.

பிறர் விடும் புகை கெடுதல் செய்யுமா என்று கேட்டால், அந்த வாதம் முடிந்து போன வாதம். 1981இல் ஜப்பானில் ஹிராயாமா என்ற விஞ்ஞானி ஒரு ஆராய்ச்சியை வெளியிட்டார். தாங்கள் புகைக்காத 91,540 மனைவிமார்களை 14 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார். கணவன் அதிகமாகப் புகைத்த வீட்டில் மனைவிக்கு நுரையீரல் புற்றுநோய் அதிகம் என்று கண்டார். சிகரெட் கம்பெனிகள் அவர்மீது பாய்ந்தன. ஆனால் 2002இல் உலக சுகாதார ஸ்தாபனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம், பிறர் விடும் புகையும் மனிதனுக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியதே என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. தாங்கள் புகைக்காமலே, பிறர் புகையினால் உலகில் ஆண்டுதோறும் 10 லட்சத்துக்கும் அதிகமானவர்கள் சாகிறார்கள்.

கானடா தேசத்தில் ஒட்டாவா நகரிலே ஹெதர் குரோ என்று ஒரு பெண் இருந்தார். நாற்பது ஆண்டுகள் ஹோட்டல்களில் பரிமாறும் வேலை பார்த்தவர். வாழ்நாளில் ஒரு சிகரெட் தொட்டதில்லை. 2002இல் அவருக்கு நுரையீரல் புற்றுநோய் என்று டாக்டர்கள் சொன்னார்கள். அவர் மூலையில் உட்கார்ந்து அழவில்லை. இது வேலையினால் வந்த நோய் என்று நஷ்ட ஈடு கேட்டார். பெற்றார். பிறகு தேசமெங்கும் சுற்றி, "நான்தான் கடைசி ஆளாக இருக்க வேண்டும்" என்ற கருத்தையே ஊர் ஊராகச் சொன்னார். 2006 மே 22ஆம் தேதி, 61 வயதில் இறந்தார். அவர் வாழ்ந்த ஒண்டாரியோ மாகாணத்தில் ஹோட்டல்களிலும் மதுக்கடைகளிலும் புகையை ஒழிக்கும் சட்டம் மே 31ஆம் தேதி அமலுக்கு வந்தது. ஒன்பது நாள் வித்தியாசம்!

மில் தொழிலாளிக்குப் பஞ்சுத் தூசியினால் நெஞ்சடைப்பு வந்தால் அதைத் தொழில் நோய் என்கிறோம். அதற்காகச் சண்டை போட்டிருக்கிறோம். சர்வருக்குப் புகையினால் வரும் நோயும் தொழில் நோய்தான். இரண்டுக்கும் வித்தியாசம் ஒன்றுமில்லை.

அயர்லாந்தில் நடந்தது

இந்த நியாயத்தை ஒரு தேசமே ஏற்று நடத்திக் காட்டியது. அதுதான் அயர்லாந்து. மதுக்கடைகள் உள்ளிட்ட எல்லா வேலைத் தலங்களிலும் புகையைத் தடை செய்த முதல் தேசம் அதுவே. சட்டம் அமலுக்கு வந்தது 2004 மார்ச் 29.

அங்கே "பப்" என்று சொல்லும் மதுக்கடை நம் ஊர் சாராயக்கடை மாதிரியல்ல. ஊர்ச் சாவடி மாதிரி. வேலை முடிந்தவன் அங்கேதான் போவான். பாட்டு அங்கே, பேச்சு அங்கே, பந்து விளையாட்டுத் தகராறு அங்கே. அத்தனையும் புகை மூட்டத்துக்குள்ளேதான். அப்படிப்பட்ட தேசத்தில் 2003 ஜனவரியில் சுகாதார மந்திரி மீஹால் மார்ட்டின் இந்தத் தடையை அறிவித்தார். மதுக்கடை முதலாளிகளின் சங்கங்கள் கொதித்து எழுந்தன. வியாபாரம் படுத்துவிடும், பல்லாயிரம் பேருக்கு வேலை போய்விடும், ஜனங்கள் சட்டத்தை மதிக்கவே மாட்டார்கள் என்றன. 2004 ஜனவரி 1ஆம் தேதி வரவேண்டிய சட்டம் மார்ச் மாதக் கடைசிக்குத் தள்ளிப்போயிற்று.

இந்தச் சண்டையில் மதுக்கடைச் சிப்பந்திகளின் தொழிற்சங்கம் எங்கே நின்றது தெரியுமா? "மாண்டேட்" என்ற அந்தச் சங்கம் தடையின் பக்கம் நின்றது. "உன் வேலையைக் காப்பாற்றத்தான் நான் தடையை எதிர்க்கிறேன்" என்று முதலாளி சொன்னான். "என் வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன், என் நுரையீரலைக் கொடு" என்பதே தொழிலாளியின் பதிலாக இருந்தது. இது கவனிக்க வேண்டிய விஷயம். முதலாளி தொழிலாளியின் வேலைக்காகக் கண்ணீர் விடும்போதெல்லாம் அந்தக் கண்ணீரின் ருசியைப் பார்த்துவிட்டுத்தான் நம்ப வேண்டும்.

சட்டம் வந்தது. என்ன ஆயிற்று? சிகரெட் பிடிப்பவர்கள் கதவைத் திறந்துகொண்டு வெளியே போய் நின்று பிடித்தார்கள். மழை பெய்தால் கூரைக்கடியில் நின்று பிடித்தார்கள். பிறகு உள்ளே வந்து பேச்சைத் தொடர்ந்தார்கள். அவ்வளவுதான். வானம் இடிந்து விழவில்லை.

அயர்லாந்து என்ற அந்தத் தீவில் ஒரு எல்லைக்கோடு உண்டு. தெற்கே அயர்லாந்துக் குடியரசு. வடக்கே பிரிட்டனைச் சேர்ந்த பகுதி. 2004இல் தெற்கில் தடை உண்டு. வடக்கில் தடை இல்லை. அங்கே 2007 ஏப்ரலில்தான் வந்தது. ஆகவே ஆராய்ச்சியாளர்களுக்கு நல்ல வாய்ப்பு கிடைத்தது. தாங்கள் புகைக்காத மதுக்கடைச் சிப்பந்திகளின் எச்சிலை இரு பக்கமும் சோதித்தார்கள். உடம்புக்குள் போன புகையிலை விஷத்தின் அடையாளம் எச்சிலில் தெரியும். ஓராண்டுக்குப் பிறகு தெற்கே அந்த அளவு 80 சதவிகிதம் குறைந்திருந்தது. வடக்கே 20 சதவிகிதந்தான் குறைந்தது. வேலை ஒன்றே, ஜனங்கள் ஒன்றே, வித்தியாசம் சட்டம் ஒன்றுதான். இருமலும் சளியும் குறைந்ததாகத் தெற்கத்திச் சிப்பந்திகள் சொன்னார்கள்.

ஸ்காட்லாந்தில் 2006 மார்ச்சில் தடை வந்தது. அங்கே ஒன்பது ஆஸ்பத்திரிகளில் கணக்கெடுத்தார்கள். திடீர் மாரடைப்பு வகை நோய்களுக்காகச் சேர்க்கப்பட்டவர்களின் எண்ணிக்கை 17 சதவிகிதம் குறைந்தது. குறைந்த தொகையில் மூன்றில் இரண்டு பங்கு, தாங்கள் புகைக்காதவர்கள்!

புகைப்பவர் என்ன சொன்னார்?

இதுவரை சர்வரைப் பற்றிச் சொன்னேன். சிகரெட் பிடிப்பவருடைய கதி என்ன? அவர் இரண்டாந்தரப் பிரஜை ஆகிவிட்டாரா?

அவரையே கேட்டார்கள். அயர்லாந்தில் தடைக்கு முன்பு புகைப்பவர்களில் 13 சதவிகிதம் பேர்தான் மதுக்கடையில் முழுத் தடையை ஆதரித்தார்கள். தடைக்குப் பிறகு கேட்டபோது 46 சதவிகிதம் பேர் ஆதரித்தார்கள். ஹோட்டல்களைப் பொறுத்தவரை 45 சதவிகிதம் 77 ஆயிற்று. நான் சொல்வது புகைப்பவர்களுடைய அபிப்பிராயம், புகைக்காதவர்களுடையதல்ல. பாதிப் பேருக்குக் கொஞ்சம் குறைவானவர்கள், "இந்தச் சட்டத்தால் விட்டுவிட வேண்டும் என்ற எண்ணம் வலுத்திருக்கிறது" என்றார்கள்.

இதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது? பீடி பிடிக்கிறவனுக்கு அது கெடுதல் என்று தெரியாதா? தெரியும். விட வேண்டும் என்ற ஆசை இல்லையா? உண்டு. பக்கத்தில் நாலு பேர் ஊதிக்கொண்டிருக்கும்போது விட முடிவதில்லை. கூட்டாளி நீட்டும்போது மறுக்க முடிவதில்லை. வேலைத் தலத்தில் யாரும் ஊதவில்லை என்றால் பாதி சுமை இறங்கிப் போகிறது. தனி ஆளின் மனோபலத்தினால் முடியாததை ஒரு பொதுக் கட்டுப்பாடு செய்து கொடுக்கிறது. தனி ஆளாக முதலாளியிடம் போய்க் கேட்டு வாங்க முடியாததைச் சங்கம் வாங்கித் தருவது போலத்தான் இதுவும்.

வியாபாரம் படுத்ததா?

இப்போது கடைக்காரர் கணக்குக்கு வருவோம். நஷ்டமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். அயர்லாந்தில் மதுக்கடை வியாபாரம் குறைந்தது வாஸ்தவம். ஆனால் அது 2004இல் குறைய ஆரம்பிக்கவில்லை. 2002, 2003இலேயே சரிந்துகொண்டு வந்தது. மதுக்கடையில் விலை அதிகம்; பெரிய கடைகளில் மலிவாக வாங்கி வீட்டிலேயே குடிக்கும் பழக்கம் பெருகியது. இங்கிலாந்தில் 2007 ஜூலை 1ஆம் தேதி தடை வந்தது. 2008இலேயே பொருளாதார மந்தம் வந்தது. பீர் மீது வரியும் அதே ஆண்டிலிருந்து ஏற்றப்பட்டது. பல மதுக்கடைகள் மூடின. எல்லாப் பழியும் புகைத் தடையின் தலையில் விழுந்தது. புகைப்பவர்கள் அதிகமாகக் கூடிய "பிங்கோ" என்ற சூதாட்ட மண்டபங்களில் வருமானம் உண்மையிலேயே குறைந்தது. அதையும் மறைக்க வேண்டியதில்லை.

ஆனால் மொத்தக் கணக்கு என்ன? 2003இல் சில ஆராய்ச்சியாளர்கள், தடையினால் ஹோட்டல், மதுக்கடை வியாபாரத்துக்கு என்ன ஆயிற்று என்பதைப் பற்றிய 97 ஆராய்ச்சிகளை எடுத்து வைத்துக்கொண்டு சலித்துப் பார்த்தார்கள். சரியான முறையில் வரிக்கணக்கையும் வேலைக்கணக்கையும் பார்த்துச் செய்த ஆராய்ச்சிகளில் நஷ்டம் தெரியவில்லை. "நஷ்டம், நஷ்டம்" என்று சொன்ன ஆராய்ச்சிகளுக்கெல்லாம் சிகரெட் கம்பெனிகளின் ஆதரவு இருந்தது. கம்பெனி ஆதரவு பெற்றவற்றில் 94 சதவிகிதம் நஷ்டம் என்றன. கம்பெனி ஆதரவில்லாதவற்றில் ஒன்றுகூட அப்படிச் சொல்லவில்லை. தராசைப் பிடித்தவன் யார் என்று தெரிந்தால் எடை தெரிந்துவிடுகிறதல்லவா?

இன்னொரு கதையையும் கேளுங்கள். அமெரிக்காவில் பெவர்லி ஹில்ஸ் என்ற பணக்கார ஊர். 1987இல் அங்கே ஹோட்டல்களில் புகையைத் தடுத்தார்கள். உடனே ஹோட்டல்காரர்கள் சங்கம் என்று ஒன்று முளைத்தது. வியாபாரம் 30 சதவிகிதம் விழுந்துவிட்டது என்று கூக்குரலிட்டது. சில மாதங்களிலேயே சட்டத்தைத் தளர்த்தினார்கள். பிறகு வரிக் கணக்கை எடுத்துப் பார்த்தால் அப்படி 30 சதவிகித வீழ்ச்சி எதுவும் இல்லை. சட்டம் வருவதற்கு முன்னால் அப்படி ஒரு சங்கமே இல்லை, சிகரெட் கம்பெனிகளே அதை ஏற்படுத்தின என்று அந்தச் சங்கத்தின் தலைவராயிருந்தவரே பின்னாளில் ஒப்புக்கொண்டார். ஆலையில் முதலாளி கட்டும் கருங்காலிச் சங்கத்தைப் பார்த்திருக்கிறோம். கடைக்காரர்களுக்கும் ஒரு கருங்காலிச் சங்கம்!

கம்பெனிக்கு ஏன் இத்தனை ஆத்திரம்? 1992இல் பிலிப் மாரிஸ் என்ற பெரிய சிகரெட் கம்பெனிக்குள்ளே எழுதிய ஒரு குறிப்பு பின்னால் அம்பலத்துக்கு வந்தது. வேலைத் தலத்தில் முழுத் தடை இருந்தால் அங்கே வேலை செய்கிறவர்கள் மற்றவர்களைவிட 11 முதல் 15 சதவிகிதம் வரை குறைவாகப் புகைக்கிறார்கள். விட்டுவிடுகிறவர்களும் அதிகம் என்று அந்தக் குறிப்பு கணக்குச் சொல்கிறது. இங்கேதான் முடிச்சு அவிழ்கிறது. நஷ்டம் டீக்கடைக்காரருக்கல்ல. நஷ்டம் சிகரெட் கம்பெனிக்கு. அதை வெளியே சொல்ல முடியாது. ஆகவே சின்னக் கடைக்காரரைத் தோளில் தூக்கி முன்னால் நிறுத்திக்கொண்டு பின்னாலிருந்து பேசுகிறார்கள்.

"ஏழையின் ஒரே சந்தோஷம்"

இன்னொரு வாதம் உண்டு. அது மிகவும் இனிப்பான வாதம். ஆகவே ஆபத்தான வாதம். 2004இல் இங்கிலாந்தின் சுகாதார மந்திரி ஜான் ரீட், ஏழை எளியவர்களுக்கு வாழ்க்கையில் இருக்கும் சந்தோஷங்கள் மிகச் சில, சிகரெட் அவற்றில் ஒன்று என்ற கருத்தைச் சொன்னார். கேட்பதற்கு எத்தனை இரக்கம்!

அந்த இரக்கம் சட்ட மசோதாவில் எப்படி வந்தது தெரியுமா? சாப்பாடு போடும் மதுக்கடைகளில் தடை உண்டு. சாப்பாடு போடாத கடைகளுக்கும் கிளப்புகளுக்கும் விலக்கு என்று வந்தது. சாப்பாடு போடாத கடை எங்கே அதிகம்? தொழிலாளர் பேட்டைகளில். ஆகவே வசதியானவர்கள் போகும் கடையில் சர்வருக்குச் சுத்தமான காற்று. ஏழைப் பேட்டைக் கடையில் சர்வருக்குப் புகை! ஏழையின் சந்தோஷத்துக்காக ஏழையின் பிள்ளையைப் புகைக்குள் நிறுத்துவது என்ன நியாயம்? தொழிற்சங்கங்களும் டாக்டர்களும் இதைக் கண்டித்தார்கள். 2006 பிப்ரவரி 14ஆம் தேதி பார்லிமெண்டில் ஓட்டெடுத்தபோது, கிளப்புகள் உள்பட எங்குமே விலக்கு வேண்டாம் என்று 384 பேரும், எதிராக 184 பேரும் ஓட்டளித்தார்கள். விலக்கு விழுந்தது.

ஏழைக்குச் சந்தோஷம் குறைவு என்றால், கூலியைக் கூட்டு. வேலை நேரத்தைக் குறை. குடியிருக்க வீடு கொடு. அதையெல்லாம் கொடுக்க மனமில்லாதவன் ஒரு சிகரெட்டைக் கொடுத்துவிட்டுக் கருணாமூர்த்தி ஆகிவிடுகிறான்.

நம் நாட்டில்

நம் நாட்டிலே சட்டம் இருக்கிறது. 2003இல் புகையிலைப் பொருள்கள் சட்டம் வந்தது. 2008 அக்டோபர் 2ஆம் தேதி, காந்தி ஜெயந்தியன்று, பொது இடங்களில் புகைத் தடை விதிகள் அமலுக்கு வந்தன. ஹோட்டல், கான்டீன், சினிமாக் கொட்டகை, ஆபீஸ், ஆலை எல்லாம் அதில் அடக்கம். விதிகள் அமலாவதற்கு முன்பே சிகரெட் கம்பெனியும் ஹோட்டல் முதலாளிகளும் கோர்ட்டுக்குப் போனார்கள். 2008 செப்டம்பர் கடைசியில் சுப்ரீம் கோர்ட் அந்த விதிகளை நிறுத்தி வைக்க மறுத்துவிட்டது.

ஆனால் சட்டத்தில் ஒரு ஓட்டை வைத்தார்கள். 30 அறைகள் கொண்ட ஹோட்டலும், 30 பேர் உட்காரக்கூடிய சாப்பாட்டு விடுதியும் தனிப் புகை அறை வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். அங்கே எந்தப் பரிமாறலும் கூடாது என்று 2017இல் விதியைத் திருத்தினார்கள். நல்லது. ஆனால் அந்த அறையைப் பெருக்கித் துடைப்பது யார்? சாம்பல் கிண்ணத்தைக் கொட்டுவது யார்? முதலாளியா?

அபராதம் 200 ரூபாய் வரை. காரில் வந்து இறங்குகிறவருக்கு 200 ரூபாய் ஒரு கணக்கல்ல. அன்றாடங்காய்ச்சிக்கு அது அடுப்பு எரியும் காசு. ஆகவே பஸ் ஸ்டாண்டில் பீடியோடு அகப்பட்ட கூலிக்காரனைப் பிடித்துக் கணக்குக் காட்டுவது அதிகாரிக்குச் சுலபம். விதி என்ன சொல்கிறது? போர்டு வைப்பதும், சாம்பல் கிண்ணத்தை எடுத்துவிடுவதும், தன் இடத்தில் புகைக்கவிடாமல் பார்ப்பதும் இடத்தின் சொந்தக்காரருடைய பொறுப்பு என்கிறது. தவறினால் அவர்தான் பதில் சொல்ல வேண்டும். முதலில் கேட்க வேண்டியது அவரைத்தான்.

2016-17இல் சர்க்கார் எடுத்த கணக்குப்படி, நாட்டில் கட்டடங்களுக்குள் வேலை செய்கிறவர்களில் 30 சதவிகிதம் பேர் வேலைத் தலத்திலேயே பிறர் புகையை இழுத்துக்கொண்டிருந்தார்கள். சட்டம் வந்து எட்டு ஆண்டுகள் கழித்து இந்த நிலை! காகிதத்தில் இருக்கும் சட்டம் தானாக நடந்து கடைக்கு வராது என்பதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எட்டு மணி வேலைச் சட்டமும் தானாக வரவில்லை.

பீடி சுற்றும் சகோதரிகள்

"தடை, தடை என்கிறீர்களே, பீடி சுற்றிப் பிழைக்கும் பெண்கள் என்ன ஆவார்கள்?" என்று ஒரு தோழர் கேட்கலாம். நியாயமான கேள்வி. திருநெல்வேலிச் சீமையிலும் வேலூர்ப் பக்கத்திலும் எத்தனையோ வீடுகளில் அந்தக் கூலியில்தான் உலை கொதிக்கிறது.

ஒன்று: ஹோட்டலுக்குள் புகைக்காதே என்பது பீடி விற்காதே என்பதல்ல. இரண்டு: அந்தச் சகோதரிகளின் வயிற்றில் அடிப்பது இந்தத் தடையல்ல, ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கொடுக்கும் அற்பக் கூலியும், கழிவு என்று சொல்லித் தள்ளிவிடும் கட்டுகளுமே. நாள் முழுவதும் புகையிலைத் தூளை மூச்சில் இழுப்பதும் அவர்களே. ஆனால் புகைப்பது குறையக் குறைய என்றாவது ஒருநாள் சுற்றும் வேலையும் குறையும். அந்த நாளுக்கு முன்பே வேறு தொழில் கற்றுக் கொடுத்து, வேறு கூலிக்கு வழி செய்வது சர்க்காரின் கடமை. அதைக் கேட்கிற உரிமை நமக்கு இருக்கிறது. ஒரு தொழிலாளியின் சோற்றுக்காக இன்னொரு தொழிலாளியின் நுரையீரலை அடகு வைப்பது வழியல்ல.

நாம் செய்ய வேண்டியது

ஆகவே தோழர்களே, நான் கேட்டுக்கொள்வது பெரிய காரியமல்ல.

முதலாவது, டீக்கடைக்குள் உட்காரும்போது அங்கே கிளாஸ் கழுவும் பையனை ஒரு தடவை பாருங்கள். பற்ற வைக்க வேண்டுமென்றால் நாலடி வெளியே வாருங்கள். இதற்குப் போலீஸ் வேண்டாம்; தோழமை போதும்.

இரண்டாவது, நமது சங்க ஆபீசிலும் கூட்டங்களிலும் இதை நாமே அமல் நடத்துவோம். பெண் தோழர்களும் குழந்தைகளும் வரும் இடம் அது. ஊருக்குச் சொல்லுமுன் நம் வீட்டில் செய்வோம்.

மூன்றாவது, ஆலைக் கான்டீனில் இதைத் தொழிலாளர் கோரிக்கையாக வையுங்கள். பஞ்சுத் தூசியால் ஏற்கெனவே புண்பட்ட நெஞ்சுக்குப் புகை இரட்டை விஷம். தூசியை உறிஞ்சும் மிஷினை வை என்று கேட்கும் அதே மனுவில் கான்டீனில் புகையை நிறுத்து என்றும் எழுதுங்கள். "புகையை நிறுத்திவிட்டோம்" என்று சொல்லித் தூசியை மறக்க முதலாளியை விடாதீர்கள். எதற்கெடுத்தாலும் "நீ பீடி பிடித்தாய், அதனால்தான் நோய்" என்று நஷ்ட ஈட்டைத் தட்டிக் கழிக்கவும் விடாதீர்கள்.

நான்காவது, விட்டுவிட நினைக்கிறவனைக் கேலி செய்யாதீர்கள். கைகொடுங்கள். சர்க்கார் 1800-11-2356 என்ற எண்ணில் இலவசமாக யோசனை சொல்ல ஏற்பாடு செய்திருக்கிறது. அபராதம் போடத் தெரிந்த சர்க்கார், பழக்கத்தை விடுவதற்கான வைத்தியத்தையும் ஒவ்வொரு கிராம ஆஸ்பத்திரியிலும் தர வேண்டும் என்று கேளுங்கள். தண்டனை மட்டும் ஏழைக்கு, வைத்தியம் பணக்காரனுக்கு என்றால் அது சட்டமல்ல.

ஐந்தாவது, ஹோட்டல் சிப்பந்திகளைச் சங்கத்தில் சேருங்கள். "இங்கே புகைக்காதீர்கள், ஐயா" என்று ஒரு சர்வர் வாடிக்கைக்காரரிடம் சொன்னால் அவன் வேலை போகக்கூடாது. அந்தத் தைரியம் சுவரில் மாட்டிய போர்டினால் வராது. பின்னால் நிற்கும் சங்கத்தினால்தான் வரும்.

புகைப்பவன் நம் எதிரியல்ல. அவன் நம் தோழன், பெரும்பாலும் நாமேதான். கடைக்காரரும் நம் எதிரியல்ல. அவருக்கு நஷ்டம் என்று பயமுறுத்தி அவருடைய வாயால் பேசுகிறவர்களைத்தான் அடையாளம் காண வேண்டும். தடையினால் புகைப்பவன் நாலடி வெளியே நடக்கிறான். கடைக்காரர் ஒரு சாம்பல் கிண்ணத்தை எடுத்து வைக்கிறார். அவர்கள் இருவருக்கும் ஆகும் செலவு இவ்வளவுதான். சர்வருக்கோ, அது உயிர்.

பஞ்சைக் காப்பாற்ற நாம் இத்தனை காலம் தீப்பெட்டியை கேட்டில் வைத்துவிட்டு உள்ளே போனோம். மனிதனைக் காப்பாற்ற அதே தீப்பெட்டியை டீக்கடை வாசலில் வைப்பது நமக்குப் பெரிய காரியமா?